விழாவுக்கு எத்தனை மாதம் வேண்டும்?

2024ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், மார்கழிப் பனி விலகாத ஒரு காலை வேளையில், நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கோயமுத்தூருக்கு அருகே, கிணற்று நீர் இறைக்கும் பம்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் பொறுப்பான உத்தியோகம் பார்க்கிறார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். முகத்தில் கணக்குப் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் களை.

"சார், கம்பெனி ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகுதுங்க. வெள்ளி விழாக் கொண்டாடச் சொல்லி முதலாளி உத்தரவு. ஒரு விழாவுக்கு எத்தனை நாள் முன்னாடி வேலையை ஆரம்பிக்கணுங்க?" என்றார்.

"விழா என்றைக்குத் தம்பி?" என்று கேட்டோம்.

"பிப்ரவரிக் கடைசி சனிக்கிழமைங்க. கம்பெனியை ரிஜிஸ்தர் செஞ்ச தேதி அந்த வாரத்திலேதான் வருது."

இடையில் இருந்தவை ஏழு வாரங்கள். கல்யாண மண்டபங்கள் ஐந்தாறைப் பார்த்துவிட்டு, எங்கும் இடம் கிடைக்காமல், நம் பள்ளிக்கூடத்து மண்டபத்தையாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார் என்பது இரண்டாவது தம்ளர் காப்பிக்குப் பிறகு தெரிய வந்தது.

அந்த விழா நடந்த விதத்தைச் சொல்லிவிட்டே மேலே செல்வோம். அதில் பணத்துக்குக் குறைவில்லை. பந்தல்காரர் பிரமாதமாக ஜோடித்திருந்தார். மைக் கூட அன்று அலறாமல் பேசிற்று. மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். விழா தொடங்கும்போது அவற்றில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. காரணம் வெளிப்படை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுப் பரீட்சை அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதி ஆரம்பம். பிள்ளைக்குப் பரீட்சை வர ஒரு வாரம் கூட இல்லாத சமயத்தில், எந்தத் தாய் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கம்பெனி விழாவுக்குப் புறப்படுவாள்? பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நாமாவது அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்துக்குச் சிபாரிசு செய்யும் உற்சாகத்தில் மறந்துவிட்டோம். தலைமை ஆசிரியரோ, ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள் நாற்காலிகளை அகற்றிப் பரீட்சை மேஜைகளைப் போட்டாக வேண்டும் என்ற கவலையில், விழா முழுவதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடும்பங்கள்தாம் வரவில்லை, வியாபாரிகளாவது வந்தார்களா? அதுவும் இல்லை. கிணறு வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியில்தான் குடியானவன் பம்புக் கடைக்கு ஓடி வருகிறான். வருஷத்து வியாபாரத்தில் பெரும்பகுதி நடக்கும் மாதங்களில், மதுரைக் கடைக்காரரையும் விஜயவாடாக் கடைக்காரரையும் கடையைப் பூட்டிவிட்டு வா என்று கம்பெனியே அழைத்திருந்தது! வர மனமிருந்த சிலருக்கும் ரயிலில் படுக்கை கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, மார்ச் 31இல் வருஷக் கணக்கு முடிவதால், கணக்குப் பிரிவு உத்தியோகஸ்தர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போனார்கள்.

இருபத்தைந்து வருஷமும் ஒரே கடைசல் யந்திரத்தில் நின்று வேலை செய்த தொழிலாளி ஒருவருக்கு அன்று கேடயம் கொடுத்தார்கள். மேடையேறி அதை வாங்கிக்கொண்டு, கும்பிட்ட கையோடு சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய பெண்ணுக்கும் அந்த வருஷம் பிளஸ் டூ. பெண்ணுக்குத் துணையாக மனைவியும் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எதிரே இருந்தவை மூன்று வரிசைக் காலி நாற்காலிகள். போட்டோக்காரர் "சிரியுங்க ஐயா" என்றார். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நம்மை வெகு நாள் உறுத்திற்று.

ஆகவே நம் மாணாக்கர் கேட்ட கேள்விக்கு நாம் இப்போது வேறுவிதமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் முன்கூட்டித் தொடங்குவது எதற்காக? பந்தல் போட ஆறு மாதம் வேண்டாம், சமையலுக்கும் வேண்டாம். காலம் கையில் இருக்கும்போதுதான் நாளை நம் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றவும் மாற்றலாம். பிந்தித் தொடங்குகிறவனுக்கு மண்டபக்காரரும், ரயில்வேக்காரரும், பரீட்சை நடத்துகிறவர்களும் சேர்ந்து நாள் குறித்துக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் நெருங்கி வருகின்றன. வைகாசியிலும் ஆவணியிலும் நல்ல மண்டபங்களுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே அச்சாரம் கொடுத்து வைக்கும் பெண் வீட்டார் உண்டு. அவர்களோடு கம்பெனிக்காரர் போட்டியிட்டு வெல்வது கடினம், வெல்வது நியாயமுமல்ல. முகூர்த்தம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். புரட்டாசியிலும் பல குடும்பங்களில் கல்யாணம் செய்வதில்லை. இந்த மாதங்களில் மண்டபங்கள் காற்று வாங்கும். வாடகையில் பேரம் பேச இடமுண்டு. பெயர் பெற்ற சமையல்காரர்களும் வீட்டில் இருப்பார்கள். கல்யாணத்துக்கு ஆகாத ஆடி, கம்பெனி விழாவுக்கு ஆகாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஆனால் சென்னைவாசிகள் மார்கழியை நம்பக்கூடாது. அங்கே டிசம்பரில் சபாக்களெல்லாம் சங்கீதத்தால் நிரம்பி வழியும். ஒலி பெருக்குகிறவர், விளக்குப் போடுகிறவர் எல்லோருக்கும் ஓயாத வேலை.

சென்னையின் டிசம்பருக்கு இன்னொரு பயமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. இந்த மாதத்தில் திறந்த வெளியில் ஷாமியானா போடுகிறவரைத் தைரியசாலி என்று சொல்லலாம். முன்யோசனைக்காரர் என்று சொல்வதற்கில்லை.

மேல்நாட்டுச் சரித்திரத்திலும் இந்த விஷயத்தில் பார்க்க வேண்டிய இரண்டு காட்சிகள் இருக்கின்றன.

லண்டனில் 1851இல் நடந்த மாபெரும் கைத்தொழிற் பொருட்காட்சிக்கென அரசாங்கக் கமிஷன் 1850 ஜனவரியில் அமைந்தது. காட்சிக்கு ஒரு பெரிய கட்டடம் வேண்டும். போட்டிக்கு வந்த இருநூற்றுக்கு மேற்பட்ட வரைபடங்களில் ஒன்றும் தேறவில்லை. நாட்கள் ஓடின. ஜூன் 11ஆம் தேதி ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் டார்பி நகரத்தில் ஒரு ரயில்வே கம்பெனியின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே மையொற்றும் தாளில் ஒரு கண்ணாடி மாளிகையின் உருவத்தைக் கிறுக்கினார். (கம்பெனிக் கூட்டங்களாலும் உலகத்துக்குச் சில வேளைகளில் நன்மை விளைகிறது!) 1,848 அடி நீளமுள்ள அந்த மாளிகை 1851 மே 1ஆம் தேதி குறித்தபடி திறக்கப்பட்டது. மையொற்றும் தாளிலிருந்து திறப்பு விழா வரையில் பதினொரு மாதங்கூட ஆகவில்லை. காட்சி நடந்த ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பிரவேசங்கள் ஆயின.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, கடைசியில் தொடங்கினாலும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். பாக்ஸ்டன் பல வருஷங்களாகச் சாட்ஸ்வொர்த் என்னும் இடத்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் கண்ணாடி வீடுகள் கட்டிக் கை பழகியவர். ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடிப் பலகைகளும் ஒரே அளவு. தூண்களும் உத்தரங்களும் பட்டறையில் வார்த்து வந்து, இங்கே கோத்தவை. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய இடத்தில்தான் காலத்தைச் சுருக்க முடியும். வருஷந்தோறும் ஆண்டு விழா நடத்தும் கம்பெனிக்கு மூன்று மாதம் போதும். வெள்ளி விழா எந்தக் கம்பெனிக்கும் ஒரு தரந்தான் வருகிறது. அதில் யாருக்கும் முன் பழக்கம் கிடையாது.

இரண்டாவது காட்சி சிகாகோ. கொலம்பஸ் கடல் கடந்து சென்ற 400ஆவது ஆண்டைக் கொண்டாடுவதற்கு ஓர் உலகப் பொருட்காட்சி நடத்துவதென்று அமெரிக்கக் காங்கிரஸ் 1890இல் சட்டம் செய்தது. 400ஆவது ஆண்டு 1892இல் நிறைவாகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாதத்திலேயே பல மாதங்கள் கழிந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? 1892 அக்டோபரில் கட்டடங்களுக்குப் பிரதிஷ்டை வைபவத்தை மட்டும் நடத்திவிட்டு, காட்சியை 1893 மே 1ஆம் தேதிதான் திறந்தார்கள். கொலம்பஸுக்கு 401 ஆகிவிட்டதே என்று ஒருவரும் வராமல் இருந்துவிடவில்லை. பிரவேசங்கள் 2 கோடியே 70 லட்சத்தைத் தாண்டின. ரிஜிஸ்தர் ஆன வாரத்திலேயே வெள்ளி விழா நடந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த முதலாளிக்கு இந்தக் கதையை முன்பே சொல்லாமற் போனோமே என்று வருந்துகிறோம்.

அதே சிகாகோவைச் சேர்ந்த சர்வமத மகாசபையின் கதை நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தது. சென்னை அன்பர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி விவேகானந்தரை அனுப்பி வைத்தார்கள். அவர் 1893 ஜூலை இறுதியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். சபை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், தக்கவர்களின் அத்தாட்சியில்லாமல் பிரதிநிதியாக அனுமதிக்க மாட்டார்கள் என்பதும் அங்கே போன பிறகே தெரிந்தன. கையிலிருந்த பணம் கரையலாயிற்று. செலவைக் குறைக்கப் பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ரைட் என்பவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததால்தான் செப்டம்பர் 11ஆம் தேதி அவர் மேடையில் அமர முடிந்தது. விருந்தினருக்குத் தேதியும் நிபந்தனையும் சரிவரப் போய்ச் சேரவில்லையானால், உலகப் பெருஞ்சபையும் தன் தலைசிறந்த பேச்சாளரை வாசலில் நிறுத்திவிடக் கூடும்.

இதனால் அழைப்பு அனுப்பும் விஷயத்தில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பொன்னெழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ் தயாராகட்டும் என்று ஒருவரும் காத்திருக்க வேண்டாம். நாளும் ஊரும் நிச்சயமான அன்றே, "இந்தத் தேதியைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வரிக் கடிதம் போய்விட வேண்டும். தபாலில் போனாலும் சரி, வாட்ஸ்அப்பில் போனாலும் சரி. அழகான இதழ் பின்னால் வரட்டும். தலைமை தாங்கும் பிரமுகருக்கு மட்டும், இவரை விட்டால் வேறு யார் என்பதையும் முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்வது உத்தமம். பிரமுகர்களின் "கட்டாயம் வருகிறேன்" என்ற வாக்கு எத்தன்மையது என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல.

கம்பெனிகளுக்குப் பின்னிருந்து முன்னாக நாள் எண்ணும் வழக்கம் புதிதன்று. சட்டமே அதைக் கற்பித்திருக்கிறது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, கணக்கு வருஷம் முடிந்த ஆறு மாதத்துக்குள் வருடாந்தரப் பொதுக்கூட்டம் கூடியாக வேண்டும்; மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கம்பெனிக்கு அதன் எல்லை செப்டம்பர் 30. முழுதாக 21 நாட்களுக்கு முன்பே பங்குதாரருக்கு அறிவிப்புப் போக வேண்டும்; அறிவிப்புச் சேரும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் அந்தக் கணக்கில் சேரா. இவ்வளவு ஜாக்கிரதையாகக் கூட்டம் நடத்துகிறவர்கள், தங்கள் விழா என்று வந்தால் மட்டும் ஏழு வாரத்தில் எல்லாம் ஆகிவிடும் என்று நினைப்பது விந்தைதான்!

2025ஆம் வருஷம் தைப்பொங்கல் கழிந்த மறு வாரம் நம் மாணாக்கர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கேள்வி வேறு மாதிரி இருந்தது. "சார், வியாபாரிகளையும் குடும்பங்களையும் சேர்த்து ஒரு கூட்டம் போடணுங்க. முதலாளி நாளை எங்கள் இஷ்டத்துக்கு விட்டுட்டாருங்க. எந்த மாசம் வைக்கலாம்?"

அன்று சாயங்காலம் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். மார்ச், ஏப்ரல் பரீட்சை. மே மாதம் கல்யாணமும் கோடைப் பிரயாணமும், வியாபாரிகளுக்கும் ஓய்வில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பெற்றோர் கையில் பணமிராது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. மழை விழுந்தபின் பம்பு வியாபாரம் மந்தம். மண்டபங்கள் காலி. ஆகஸ்டு முதல் சனிக்கிழமையில் பென்சில் போய் நின்றது. ஆறரை மாதம் இருந்தது.

மண்டபத்துக்கு அன்றைய வாரமே முன்பணம் கொடுத்தார்கள். பிப்ரவரியில் தேதிக் கடிதம் போயிற்று. அதன் பிறகு ஏப்ரல் வரையில் அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதமும் ஓடியாடினால்தான் ஏற்பாடு என்பதில்லை. கோடையில் யார் யாரைக் கௌரவிப்பது என்ற ஜாபிதாவைத் தயாரித்தார்கள். ஜூன் தொடக்கத்தில் ரயில் டிக்கெட்டுகள். முன்னெல்லாம் ரயிலில் 120 நாட்களுக்கு முன் இடம் பிடித்து வைக்கலாம்; 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே அறுபதாம் நாள் காலையில் ஒருவரை அதற்கென்றே உட்கார வைத்தார்கள். கேடயங்களில் பெயர் பொறிக்குமுன் ஒவ்வொரு பெயரையும் அந்தந்த மனிதரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது நாம் சொன்ன யோசனை. முதல் விழாவில் ஒரு கந்தசாமி, கந்தாசமியாகிவிட்டார். தமிழ் வாத்தியாருக்கு அது பொறுக்குமா? சாப்பாட்டு எண்ணிக்கையை மட்டும் கடைசி வாரம் வரையில் நிச்சயப்படுத்தாமல் வைத்திருந்தார்கள். அதுவும் சரியே. சில காரியங்களை முந்திச் செய்வதும் நஷ்டந்தான். மார்ச்சிலேயே இலைக் கணக்குச் சொன்னவர் ஆகஸ்டில் இலையை எண்ணி அழுவார்.

ஜூலையில் ஒரு தடங்கல் வந்தது. பாட்டுக் கச்சேரியைத் திறந்த வெளியில் இரவு பதினொரு மணி வரையில் வைத்துக்கொள்ள இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷம் முதல் உள்ள விதி. போதிய நாள் இருந்தபடியால், பாட்டை நான்கு மணிக்கு மாற்றிவிட்டு, சொற்பொழிவுகளைக் குறைத்தார்கள். சொற்பொழிவுகள் குறைந்ததில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

விழா நாளன்று சாரல் தூறிற்று. மண்டபத்துக்குள் குழந்தைகள் இரைச்சல் தாங்க முடியவில்லை. விஜயவாடாக்காரர் ஒருவர் மனைவி மக்களோடு வந்து, மறுநாள் மருதமலைக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் பெஞ்சு போட்டும் இடம் போதவில்லை.

அந்தப் பழைய தொழிலாளியும் வந்திருந்தார். இந்தத் தடவை அவருக்குப் பரிசு ஒன்றும் இல்லை. மனைவி பட்டுப் புடவையில் வந்திருந்தாள். பெண் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாளாம். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் போட்டோக்காரரைத் தேடிப் பிடித்து, மேடையருகே அழைத்துக்கொண்டு போனார். மஞ்சள் துணிப் பையிலிருந்து எதையோ எடுத்தார். 2024இல் கொடுத்த கேடயம்! வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். ஒரு பக்கம் மனைவியையும் மறு பக்கம் பெண்ணையும் நிறுத்திக்கொண்டு, கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

"சிரியுங்க ஐயா" என்று போட்டோக்காரர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.